அண்டர்டோன் தேடிய நான்கு வாரங்கள்: மணிக்கட்டு நரம்பு, ஜாக்கெட் பிட், டெஃப்ளான் டேப்

சென்ற வைகாசியில் சித்தி மகளின் திருமண வரவேற்பில் எடுத்த புகைப்படங்கள் வந்தபோது, என் முகம் மட்டும் அடுப்புச் சாம்பலை லேசாகத் தூவியது போலத் தெரிந்தது. கழுத்து ஒரு நிறம், முகம் வேறொரு நிறம், இரண்டுக்கும் நடுவே தாடையோரமாக ஒரு கோடு. அன்று பூசியிருந்த ஃபவுண்டேஷனை, அழகுசாதனக் கடையில் விற்பனைப் பெண் என் புறங்கையில் தடவிப் பார்த்து, "உங்க கலருக்கு இதுதான் மேடம்" என்று எடுத்துக் கொடுத்திருந்தார். அவர் சொன்ன 'கலர்' தவறில்லை, கறுப்பு வெளுப்பு அளவில் அது என் நிறத்துக்கு அருகில்தான் இருந்தது. தவறியது அதன் அடியில் ஓடும் சாயல், அதாவது அண்டர்டோன். தை மாதத்தில் தம்பியின் கல்யாணம் இருந்ததால், அதற்குள் இதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று புரட்டாசியில் ஆரம்பித்தேன். நான்கு வாரங்கள் ஆயின. என்ன செய்தேன், எது உதவவில்லை, எது உதவியது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் சொல் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. நம் வீடுகளில் "பொண்ணு நல்ல கலர்" என்றால் வெளுப்பு என்றுதான் பொருள். சிவப்பு, மாநிறம், கறுப்பு என்று பெண் பார்க்கும் பேச்சில் வரும் எல்லாச் சொற்களும் ஒரே ஏணியின் படிகள். ஏணியின் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே அண்டர்டோன் உடையவராக இருக்கலாம். ஒரே படியில் நிற்கும் அக்கா தங்கை இருவருக்கும் வெவ்வேறாக இருக்கலாம். தோல் மருத்துவத்தில் 1975 முதல் புழங்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலின் ஆறு வகைகளும் வெயிலுக்குத் தோல் எப்படிக் கறுக்கிறது, சிவக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. அண்டர்டோனை அது தொடுவதே இல்லை. இதில் நம் பழைய மொழிதான் நுட்பமாக இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சங்கப் பாடல்களில் தலைவியின் மாமை மாந்தளிரின் நிறம், பிரிவில் அதன்மேல் படரும் பசலை பீர்க்கம்பூவின் நிறம். தளிரின் செம்மையும் பூவின் மஞ்சளும் ஒரே தோலில் மாறி மாறி வருவதை அவர்கள் கவனித்திருக்கிறார்கள்.

தோலின் நிறத்தை முக்கியமாக மூன்று பொருள்கள் தீர்மானிக்கின்றன: பழுப்பும் கறுப்புமான மெலனின், தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் சிவப்பு, உணவிலிருந்து வந்து படியும் கரோட்டினாய்டுகளின் மஞ்சள். மெலனின் எவ்வளவு என்பது வெளுப்பையும் கறுப்பையும் பெரும்பாலும் முடிவு செய்கிறது. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில் தோல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் அண்டர்டோன் என்கிறோம். மஞ்சள், பொன் பக்கம் சாய்ந்தால் வார்ம், ரோஸ் பக்கம் சாய்ந்தால் கூல், இரண்டுமற்றது நியூட்ரல், மஞ்சளோடு பச்சை கலந்தாற்போல் தெரிந்தால் ஆலிவ்.

எல்லாரும் முதலில் சொல்லும் சோதனை மணிக்கட்டு நரம்பு. நரம்பு பச்சையாகத் தெரிந்தால் வார்ம், நீலமாகத் தெரிந்தால் கூல் என்பது கணக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா, சித்தி, நான் மூவரும் கையை நீட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தோம். என் ஒரே மணிக்கட்டில் பெருவிரல் பக்கத்து நரம்பு பச்சையாகவும் நடுவில் இருந்தது நீலமாகவும் தெரிந்தன. அம்மாவுக்கு எல்லாமே பச்சை. எங்களைவிடக் கறுத்த சித்திக்கு நரம்பே தெரியவில்லை, "எனக்கு ரத்தமே ஓடலையாடி?" என்று கேட்டார். நரம்பு என்று நாம் சொல்லும் அந்தச் சிரைகளில் ஓடும் இரத்தம் கருஞ்சிவப்புத்தான். தோலுக்குள் ஆழமாகப் போகும் சிவப்பு ஒளியைச் சிரை விழுங்கிவிடுவதாலும், மேலேயே சிதறித் திரும்பும் நீல ஒளி அவ்வளவாகக் குறையாததாலும், சுற்றியுள்ள தோலோடு ஒப்பிடும்போது அந்த இடம் நமக்கு நீலமாகப் படுகிறது. மேலே மெலனின் அடர்த்தியாக இருந்தால் அந்த நீலம் பச்சையாகத் தெரியும், இன்னும் அடர்ந்தால் மறைந்தே போகும். சிரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே நம்மைப் போன்ற பழுப்புத் தோலில் இந்தச் சோதனை பெரும்பாலோருக்குப் பச்சை என்றே சொல்லும், அதிலிருந்து பெரிதாக ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. வெளிர்ந்த தோலைப் பார்த்தே வகுத்த சோதனை என்பது என் எண்ணம்.

தங்கமா வெள்ளியா என்ற சோதனையை ஐந்து நிமிடத்தில் கைவிட்டேன். காது குத்திய நாளிலிருந்து தங்கத்தையே முகத்தருகில் பார்த்துப் பழகிய வீட்டில், வெள்ளியைக் காலுக்கு மட்டும் கொலுசாகவும் மெட்டியாகவும் அணியும் ஊரில், எது எடுப்பாக இருக்கிறது என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது கேட்காமலே தெரியும்.

அடுத்தது வெள்ளைக் காகிதம். முகத்தருகில் ஏ4 தாளைப் பிடித்துக் கண்ணாடியில் பார்த்தால், அதன் பக்கத்தில் தோல் மஞ்சளாகத் தெரிகிறதா ரோஸாகத் தெரிகிறதா என்று தெரியும் என்கிறார்கள். நான் மஞ்சளாகத் தெரிந்தேன். அம்மாவும் சித்தியும் அப்படியே. சந்தேகம் வந்து, அப்பாவின் வேட்டி, அச்சுத் தாள், காடாத் துணி மூன்றையும் சன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி நீலம் பாரித்திருந்தது. தாளும் ஏறத்தாழ அதே நீலம். வெளுக்காத காடாத் துணி மட்டும் பழுப்பேறிய வெள்ளை. அச்சுத் தாளில் ஒளிரும் வெண்மையூட்டிகள் சேர்க்கப்படுகின்றன. அவை பகல் ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக உமிழ்வதால்தான் தாள் பளிச்சென்று இருக்கிறது. அந்த நீலத்தின் பக்கத்தில் எந்தத் தோலும் மஞ்சளாகத்தான் படும். காடாத் துணியைப் பிடித்துப் பார்த்தபோது நான் சற்றுச் சிவப்பாகத் தெரிந்தேன். வெள்ளையை மாற்றினால் விடை மாறுகிறது என்றால், அளவுகோலே சரியில்லை என்று பொருள்.

அழுத்திப் பார்க்கும் முறை கொஞ்சம் உதவியது. அடிப்பாகம் தட்டையான கண்ணாடி டம்ளரைத் தாடையின் மேல் ஐந்து விநாடி அழுத்தி, கண்ணாடி வழியாகவே பார்த்தால், அந்த இடத்து இரத்தம் ஒதுங்கி, சிவப்பு நீங்கிய தோல் தெரியும். தோல் மருத்துவர்கள் தடிப்புகளைப் பார்க்கப் பயன்படுத்தும் முறைதான் இது. எனக்கு அடியில் தெரிந்தது தெளிவான வெளிர்மஞ்சள். எடுத்தவுடன் இரண்டு விநாடியில் சிவப்பு திரும்பி வந்தது. அதாவது என் மஞ்சளின் மேல் கணிசமான சிவப்பும் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு முன் ஒரு வாரம் மஞ்சள் தேய்த்துக் குளிப்பதை நிறுத்தியிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். மஞ்சள் பூசிய தோலில் அண்டர்டோன் பார்ப்பது சுண்ணாம்படித்த சுவரில் செங்கல்லின் நிறத்தைப் பார்ப்பது போலத்தான்.

இரண்டாம் வாரம் வேறொரு வேலையாகக் கும்பகோணம் கடைத்தெருவில் உள்ள மேட்சிங் சென்டருக்குப் போனேன், அங்கே கிடைத்ததுதான் இந்த முயற்சியின் திருப்பம். ஒரு வெங்காயச் சருகு நிறச் சேலைக்கு டூ பை டூ ரூபியாவில் ஜாக்கெட் பிட் தேட வேண்டியிருந்தது. கடைக்காரர் அலமாரியிலிருந்து மூன்று துணிகளை உருவிச் சேலை மேல் போட்டார். எனக்கு மூன்றும் ஒன்றாகவே தெரிந்தன. "வாசலுக்கு வாங்கம்மா, உள்ள இருக்குற லைட்டுல எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்" என்று சேலையோடு நடைக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக முந்தானையின் ஓரத்தில் வைத்தார். முதல் துணி ரோஸுக்குப் போயிற்று, இரண்டாவது செங்கல்லுக்குப் போயிற்று, மூன்றாவது சேலைக்குள் கலந்து மறைந்தது. இந்த நிறத்துக்குப் பெயர் என்ன என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், ஒவ்வாததைத் தள்ளினார், மிச்சமானதை வெட்டிக் கொடுத்தார். நான் இரண்டு வாரமாக "என் நிறம் எது" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டிருக்க வேண்டியது "இந்த இரண்டில் எது தள்ளுகிறது" என்பது.

அன்றே அவரிடம் அரை மீட்டர் அளவில் பன்னிரண்டு துண்டுகள் வாங்கினேன். இரண்டிரண்டாக ஆறு சோடிகள்: எலுமிச்சை மஞ்சளும் மாம்பழ மஞ்சளும், ராணி நிறமும் மிளகாய்ப்பழச் சிவப்பும், நீலம் கலந்த பச்சையும் மஞ்சள் கலந்த பச்சையும், பால் வெள்ளையும் சந்தனமும், ரோஸும் வெங்காயச் சருகும், கத்தரிப்பூ நிறமும் அரக்கும். முதலில் பாட்டில் பச்சைக்கு எதிராகக் கிளிப்பச்சையை எடுத்துவிட்டு, கடையிலேயே மாற்றிக்கொண்டேன். ஒன்று அடர்ந்தது, மற்றொன்று வெளிர்ந்தது. அவற்றை முகத்தருகில் பிடித்தால் இருளும் ஒளியும் மாறுவதுதான் தெரியுமே தவிர, சாயல் மாறுவது தெரியாது. சோடியில் இரண்டும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியமான நிபந்தனை.

மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். கம்மல், செயின், பொட்டு எதுவும் இல்லை. தலைமுடியைக் காடாத் துணியால் மூடிக் கட்டியிருந்தேன். முகம் கழுவி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, ஏனெனில் கழுவித் துடைத்தவுடன் தோல் சிவந்திருக்கும். சித்தியும் எதிர்வீட்டுப் பெண்ணும் நான்கடி தள்ளி உட்கார்ந்து, துணியைப் பார்க்காமல் என் கண்ணுக்கடியையும் வாயோரத்தையும் மட்டும் பார்த்து, எந்தத் துணிக்கு அந்தக் கருமை கூடுகிறது என்று தனித்தனிச் சீட்டில் குறித்தார்கள். மாம்பழ மஞ்சளுக்கு வாயோரக் கருமை தணிந்தது, எலுமிச்சை மஞ்சளுக்குக் கன்னமே பாசி படிந்தது போல ஆயிற்று என்று இருவரும் எழுதியிருந்தார்கள். சந்தனம் வெள்ளையை வென்றது, அரக்கு கத்தரிப்பூ நிறத்தை வென்றது, வெங்காயச் சருகு ரோஸை வென்றது. பச்சைகளில் வித்தியாசம் இல்லை. ராணி நிறம் மட்டும், வார்ம் என்ற கணிப்புக்கு மாறாக, மிளகாய்ப்பழச் சிவப்பைவிட நன்றாக இருந்தது. மூன்று நாள் கழித்து வரிசையை மாற்றி மறுபடியும் செய்தபோது அரக்கும் கத்தரிப்பூவும் சமமாகிவிட்டன. ஆக, வார்ம் பக்கம் சாய்கிறது, ஆனால் முழுக்கச் சாயவில்லை.

இதை எண்ணாகப் பார்த்துவிட வேண்டும் என்று மூன்றாம் வாரம் ஓர் ஆசை வந்தது. கைபேசியில் படம் எடுத்து, ஒரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைக் காட்டும் செயலியில் பார்த்து, அவற்றை 1976ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட எல்-ஏ-பி முறைக்கு மாற்றினால், 'எல்' ஒளிர்வையும், 'ஏ' சிவப்பையும், 'பி' மஞ்சளையும் சொல்லும். பி, ஏ இரண்டின் விகிதத்திலிருந்து ஒரு கோணம் கிடைக்கும். அது 90 பாகையை நெருங்க நெருங்க மஞ்சள், குறையக் குறைய ரோஸ். மாற்றித் தரும் கணக்குகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் கைபேசி தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்துமாதலால், படத்துக்குள் நம்பகமான ஒரு வெள்ளை இருந்தாக வேண்டும். தாளும் வேட்டியும் ஆகாது என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது. அதற்குக் கிடைத்தது குழாய் மரைக்குச் சுற்றும் டெஃப்ளான் டேப். வெண்மையூட்டி கலக்காத, எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பும் வெள்ளை அது. ஆனால் மெல்லியது என்பதால் அடியிலுள்ளது தெரியும். ஹார்டுவேர் கடையில் ஒரு சுருள் வாங்கி, அட்டைத் துண்டின் மேல் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றித் தாடைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன்.

முதல் நாள் அளவுகள் எல்லாம் ஆலிவ் என்றன. எனக்குப் பெருமையாகவே இருந்தது. பிறகு படத்தில் டேப்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய அதில் பச்சை அளவு மற்ற இரண்டையும்விடத் தெளிவாகக் கூடியிருந்தது. நான் உட்கார்ந்திருந்த அறைச் சன்னலுக்கு நேரெதிரே பக்கத்து வீட்டுச் சுவர் இருக்கிறது, அதற்குப் போன பொங்கலுக்குக் கிளிப்பச்சை அடித்தார்கள். என் ஆலிவ் அந்தச் சுவரிலிருந்து வந்தது. மறுபடியும் மாடிக்கே போனேன். தொட்டி நிழலில் நீல வானத்தின் ஒளி மட்டும் விழுவதால் அங்கே டேப் நீலமாகத் தெரிந்தது. படம் திருத்தும் செயலியில் டேப்பின் மூன்று அளவுகளும் சமமாகும்வரை திருத்திவிட்டு, அதன் பிறகே தோலின் புள்ளிகளை எடுத்தேன். முன்பக்கக் கேமரா, அழகூட்டும் வடிகட்டி, போர்ட்ரெய்ட் மோடு எதையும் பயன்படுத்தவில்லை.

சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் தாடை 150, 105, 80; அதன் கோணம் 55. கழுத்து 158, 113, 84. கோணம் ஏறத்தாழ 59. முழங்கைக்கு உட்புறம் 172, 128, 98, கோணம் 60. வெயில் படாத இடம் மஞ்சளுக்கும், வெயிலும் இரத்தமும் சேர்ந்த முகம் சிவப்புக்கும் சற்று நகர்ந்திருக்கின்றன. மாடிப்படி இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு எடுத்த படத்தில் தாடையின் கோணம் இன்னும் மூன்று பாகை குறைந்தது. ஆகவே ஒற்றை எண்ணை நம்புவதற்கில்லை. 55 முதல் 60 வரை என்று வைத்துக்கொண்டேன். பிறகு அந்தப் பழைய பாட்டிலை எடுத்து டெஃப்ளான் டேப்புக்குப் பக்கத்தில் முழங்கையில் கனமாகத் தடவிக் காயவைத்து அளந்தேன்: 170, 125, 108, கோணம் 47. என் கழுத்தைவிடப் பன்னிரண்டு பாகை ரோஸ் பக்கம். வரவேற்புப் புகைப்படத்தில் தெரிந்த சாம்பலுக்கு அதுதான் காரணம்.

ஃபவுண்டேஷனின் நிறம் பெரும்பாலும் நான்கே நிறமிகளின் கலவை: டைட்டானியம் டை ஆக்சைடின் வெள்ளை, இரும்பு ஆக்சைடுகளின் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. பெட்டியின் பின்புறம் 77891, 77491, 77492, 77499 என்று எண்களாக அச்சிட்டிருப்பார்கள். மஞ்சள் ஆக்சைடு குறைந்து வெள்ளை கூடினால் பழுப்புத் தோலில் சாம்பல் பூக்கிறது. அப்படியானால் பழைய பாட்டிலில் மஞ்சளைக் கூட்டினால் போதுமே என்று ஒரு சிட்டிகைக் கஸ்தூரி மஞ்சளைக் கலந்தும் பார்த்தேன். பூசியபோது நிறம் பொருந்தியது. மாலைக்குள் வெளிச்சத்தில் மஞ்சள் வெளிறிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவியபோது ஆரத்தித் தண்ணீர் போலச் சிவந்து துண்டில் கறையாயிற்று. மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் எவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் செய்தேன்.

நான்காம் வாரம் கடைக்குப் போனேன், வேறொரு கடைக்கு. ஒரே எண்ணில் கூல், நியூட்ரல், வார்ம் என்று மூன்று டெஸ்டர்களைக் கேட்டு, புறங்கையில் அல்லாமல் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கும்படி மூன்று கோடுகளாக இட்டுக்கொண்டேன். எழுத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு மேக் நிறுவனத்தின் பெயர்முறையே சான்று: அதில் 'என்சி' என்பது பொன்மஞ்சள் தோலுக்கும் 'என்டபிள்யூ' என்பது ரோஸ் தோலுக்கும் உரியவை, மற்றவர்களின் வழக்கத்துக்கு நேர்மாறு. மூன்று கோடுகளோடு வெளியே வந்து, எதிரே இருந்த கடையில் டிகிரி காபி சொல்லிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். காபி ஆற்றிக் கொடுத்தவர் என் கழுத்தை இரண்டு முறை பார்த்தார், கேட்கவில்லை. ஈரமாக இருந்தபோது வார்ம் கோடுதான் சரியாகத் தெரிந்தது, அப்போதே வாங்கியிருப்பேன். நீர்ப்பசை ஆவியாகி, தோலின் எண்ணெய் கலந்து, நிறமி அடர்ந்தபோது அது ஆரஞ்சுக்குப் போய்விட்டது. கூல் கோடு பழைய சாம்பலைக் காட்டியது. முதலில் மங்கலாகத் தெரிந்த நியூட்ரல் கோட்டைத் தெருவெளிச்சத்தில் கைக்கண்ணாடியில் தேடினேன், முந்தானையில் மறைந்த அந்த மூன்றாவது துணியைப் போல அது கழுத்துக்குள் போய்விட்டிருந்தது. ராணி நிறம் ஏன் பொருந்தியது என்பதற்கும் அதுவே பதில்.

முகத்துக்கல்ல, கழுத்துக்குப் பொருந்துவதையே வாங்கினேன். நெற்றியிலும் கன்னத்திலும் மங்கு இருப்பவர்கள் முகத்தோடு பொருத்தப் போனால் திட்டுக்குத் திட்டு வேறு விடை வரும். பாட்டிலின் அடியில் மார்க்கரால் "ஐப்பசி, 59" என்று எழுதி வைத்திருக்கிறேன். கத்திரி வெயிலுக்குப் பிறகு கழுத்தின் எண் மாறும், அப்போது டேப்போடு மறுபடியும் மாடிக்குப் போக வேண்டும். ஜாக்கெட் பிட்டுகளைச் சித்தி வாங்கிக்கொண்டு போய்விட்டார். மணிக்கட்டில் நரம்பு தெரியாத அவருக்கு எலுமிச்சை மஞ்சளும் ரோஸும் கத்தரிப்பூவும் அடுத்தடுத்துப் பொருந்தின. அறுபது வயதுவரை அவருக்கு எல்லாரும் அரக்கும் காப்பிப்பொடியும்தான் எடுத்துக் கொடுத்தோம். தம்பி கல்யாணத்துக்கு அவர் கத்தரிப்பூ நிறத்தில் பட்டு எடுத்திருக்கிறார்.